நான் வெட்டிய ஒரு சொல்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளச் செய்தியை மொழிபெயர்த்தேன். மூலத்தில் ‘ஏறக்குறைய 300 வீடுகள்’ இடிந்ததாக இருந்தது. முதல் சொல்லை வெட்டினேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வாக்கியம் தடங்கலின்றி ஓட வேண்டும். பத்து நாள் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது: “எங்கள் தெருவை நீங்கள் எண்ணவில்லை.”

அந்தக் கார்டு அண்மையில் மீண்டும் நினைவுக்கு வந்தது. மொழிபெயர்ப்புக்கு வந்த கட்டுரை, ‘சயன்ஸ்’ இதழில் 2016இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றியது. நைஜீரியா, டான்சானியா, உகாண்டா, மலாவி, ருவாண்டா ஆகிய நாடுகளின் வறுமையைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டே கணிக்க முயன்றார்கள் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள். வீடு வீடாகக் கணக்கெடுக்கப் பணமும் ஆளும் போதாத நாடுகள் பல உண்டு.

கருவி, பல அடுக்குகள் கொண்ட நியூரல் நெட்வொர்க். ஒரு இடத்தின் பகல் நேரப் படத்தைக் காட்டி, அங்கே இரவில் எவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று ஊகிக்க முதலில் அதைப் பழக்கினார்கள். படத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அது தானாகவே கற்றுக்கொண்டது. பிறகு, ஏற்கெனவே கணக்கெடுப்பு நடந்த ஊர்களின் செலவு, சொத்து விவரங்களோடு அதைப் பொருத்தினார்கள். ஊருக்கு ஊர் உள்ள சொத்து ஏற்றத்தாழ்வில் 75 சதவீதம் வரை விளக்க முடிந்தது.

பெரிய சாதனைதான். ஆனால் மீதி? இத்தகைய கணிப்புகள் சராசரியை நோக்கிச் சாய்பவை. பரம ஏழை ஊர் சற்று வசதியாகவும், வசதியான ஊர் சற்று ஏழையாகவும் தெரியும். அரிசியும் பணமும் இந்தப் பட்டியலை வைத்துப் பிரிக்கப்பட்டால், முதலில் நழுவுவது மிகவும் தேவைப்படும் ஊர்தான். ‘எனக்கு இவ்வளவு சந்தேகம் இருக்கிறது’ என்று நெட்வொர்க் தானாகச் சொல்லாது. அதற்கென்று தனியாக ஏற்பாடு செய்தால்தான் சொல்லும்.

நம் நாட்டில் மாதிரிக் கணக்கெடுப்பை வேரூன்றச் செய்த மஹாலநோபிஸுக்கு இது புதிதல்ல. வங்காளத்தின் சணல் சாகுபடிப் பரப்பை அளந்த காலத்திலேயே, ஒரே பகுதியில் இரண்டு தனி மாதிரிகளை எடுத்து, விடைகள் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கும் முறையைக் கையாண்டவர் அவர். எண்ணோடு அதன் பிழையையும் சேர்த்துத் தருவதே கணக்கு.

இந்த முறை கட்டுரையில் ஐந்து இடங்களில் ‘ஏறக்குறைய’ வந்தது. “சார், படிக்கக் கொஞ்சம் இடறுகிறதே” என்றார் உதவி ஆசிரியர்.

இடறட்டும் என்றேன். ஐந்தும் அச்சில் வந்தன.