ஊகமும் கணக்கும்

கணிதத்தில் ஊகத்துக்கு இடமில்லை என்றே நம்மில் பலர் எண்ணி வந்திருக்கிறோம். பொறியியல் பயிலும் நம் தமக்கை மகளும் அவ்வாறே எண்ணியவள். "மாமா, விடையின் வடிவத்தை முன்னரே ஊகித்துக்கொள்ளச் சொல்கிறார்களே, இது எப்படிக் கணக்காகும்?" என்று அவள் கேட்டபோது, வினா நியாயமானதென்றே நமக்குத் தோன்றிற்று.

அவள் கையில் இருந்தது அசமபடித்தான வகைக்கெழுச் சமன்பாடு. ஒரு சார்பின் இரண்டாம் வகைக்கெழு, முதல் வகைக்கெழுவின் மும்மடங்கு, அச்சார்பின் இருமடங்கு ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை இடப்புறம் நிற்கிறது. வலப்புறத்தில், வகையிடுந்தோறும் மும்மடங்காகும் அடுக்குக்குறிச் சார்பு ஒன்றின் 10 மடங்கு. விடையும் அச்சார்பின் மடங்கே எனக் கொண்டு, அறியாத அம்மடங்கைக் 'க' என்போம். இடப்புறம் 9, 9, 2 கூடி 20 'க' ஆகிறது. எனவே 'க' அரை. ஊகம் வடிவத்தைப் பற்றியதே. அளவைச் சமன்பாடே தீர்ப்பளிக்கிறது. பொருந்தாத ஊகத்தை அது ஏற்பதில்லை.

அறியாததற்குப் பெயரிட்டு, அறிந்ததுபோல் கணக்கில் நடத்தும் இத்துணிவு பழையது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, அறியாத கணியத்தை 'ஷைஉ', அதாவது 'பொருள்' என்றழைத்தார். இதைக் கொண்டு நுண்கணிதமே நம்மவர் கண்டது எனப் பெருமை பேசுவாருடன் நாம் உடன்படோம். அது எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. அறியாக் கெழுக்களை வைத்துத் தீர்க்கும் உத்தியை டேக்கார்ட் 1637இல் வெளியிட்ட வடிவகணித நூலில் கையாண்டார்.

இனி, வலப்புறச் சார்பு வகையிட்டால் குறி மட்டும் மாறுவதாயின்? 1, கழித்தல் 3, கூட்டல் 2: சுழியம்! 'க' எதுவாயினும் இடப்புறம் மறைந்துவிடுகிறது. அப்போது ஊகத்தை மாறியால் பெருக்குக என்கிறது பாடநூல் அட்டவணை. காரணம் சொல்லாததால் பிள்ளைகள் அதை மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறக்கின்றனர். பெருக்கல் விதிப்படி வகையிட்டுப் பார்த்தால், மாறி உள்ள உறுப்புகள் முன்போலவே அழிந்து, கழித்தல் 2, கூட்டல் 3 எனும் மிச்சம் நிற்கும். அந்த மிச்சமே 'க'வைத் தருகிறது.

அலைவுகளில் இது கண்கூடு. ஊஞ்சலை வேறொரு தாளத்தில் தள்ளினால் சிறிதே ஆடும். அதன் இயல்புத் தாளத்திலேயே தள்ளினால் வீச்சு காலத்தோடு வளரும். காலத்தால் பெருக்குவது அவ்வளர்ச்சியையே குறிக்கிறது. காற்றும் உராய்வும் உள்ள நம் வீட்டு ஊஞ்சலில் மட்டும் அது ஓர் எல்லையில் நின்றுவிடும்.