ரெண்டரை நூலும் எட்டு மில்லியும்

கோவை கணபதியில் அந்த லேத் பட்டறைக்கு நான் போனது, செய்த தப்பைச் சரிசெய்ய. தோட்டத்துப் பழைய பம்பில் மூடியைப் பிடிக்கும் போல்ட் ஒன்று தொலைந்துபோனது. கடையில் எட்டு மில்லி போல்ட் வாங்கி மாட்டினேன். ரெண்டு சுற்று லேசாக ஏறி இறுகியது. ஸ்பேனர் போட்டு அழுத்தினேன். வார்ப்பிரும்பு மரை மொத்தமும் பொடியாக உதிர்ந்தது.

மிஞ்சிய பழைய போல்ட் ஒன்றைப் பட்டறை அண்ணன் கையில் உருட்டிப் பார்த்தார்.

“இது ரெண்டரை நூலுங்க தம்பி. விரல்ல திருகுனா ஏறோணும். ஏறலைன்னா அது வேற மரை.”

நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 1956-லேயே மெட்ரிக் அளவைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கம்பி கட்டுகிறவர் வாயில் பத்து மில்லி கம்பி இன்றும் மூணு நூல்தான். ரெண்டரை நூல் என்றால் 7.94 மில்லி. எட்டுக்கும் அதற்கும் ஒரு தலைமுடிதான் இடைவெளி. ஏமாந்தது அங்கேதான்.

மரை கேஜை எடுத்தார். பேனாக்கத்தி போல விரியும் தகடுகள், விளிம்பில் சீப்புப் பற்கள். 18 என்று பொறித்த தகட்டைப் போல்ட்டில் பதித்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கீற்றுகூடக் கசியவில்லை. அங்குலத்துக்கு 18 மரை. அதாவது மரைக்கு மரை 1.41 மில்லி. நான் வாங்கியதில் 1.25. ஆறு மரைக்குள் ஒரு மில்லி விலகிவிடும். பல்லின் கோணமும் வேறு: 1841-இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் வகுத்தது 55 டிகிரி, மெட்ரிக்கில் 60. 25.4-ஆல் பெருக்கித் தடிமனை மாற்றலாம். மரையை மாற்ற முடியாது. அங்குலத்தை மில்லியாக்கும் அட்டவணையை மட்டும் நம்பி போல்ட் வாங்கும் எல்லோரிடமும் இதைச் சொல்லவேண்டும் போலிருக்கிறது.

பட்டறையின் பழைய லேத் அங்குல லேத். வெட்டும் உளியை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு நாலு மரை. அதில் மெட்ரிக் மரை வெட்டுவது எப்படி என்று கேட்டேன். சுவர் ஆணியில் தொங்கிய பெரிய பல்சக்கரத்தை இறக்கிக் கொடுத்தார். கிரீஸ் பிசுக்கு, நல்ல கனம். 127 பல். 25.4-ஐ ஐந்தால் பெருக்கிய எண். பகா எண் என்பதால் சின்னச் சக்கரங்களை எப்படிக் கோத்தாலும் அச்சொட்டாக வராது. 35 பல் சக்கரம் இதைச் சுழற்றினால், பன்னிரண்டு மில்லி போல்ட்டுக்குரிய 1.75 துல்லியமாக விழும். இரு அளவுமுறைகளும் அந்த ஒற்றைச் சக்கரத்தில் பல்லோடு பல் பொருந்தியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“மில்லி மரை வெட்டறப்ப லீட் ஸ்க்ரூவைப் பிடிக்கற லீவரை எடுத்துவிடக் கூடாதுங்க. லேத்தையே ரிவர்ஸ்ல ஓட்டித் திரும்போணும். விட்டா, மறுபடி அதே பள்ளத்துல விழாது.”

பிறகு என் பம்பு. எட்டு மில்லி டிரில்லால் ஓட்டையைச் சுத்தம் செய்து, மரை வெட்டும் மூணு நூல் டேப்பை இறக்கினார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. கரும்பொடி உதிர்ந்துகொண்டே வந்தது. மூடித் துளையைப் பத்து மில்லியாகப் பெரிதாக்கினார். அங்குல மரைக்கு மில்லி டிரில். அவர் கை எதற்கும் தயங்கவில்லை.

மூணு நூல் போல்ட்டை என்னிடமே நீட்டினார். விரல் நுனியால் திருகினேன். தலை மூடியில் உட்காரும்வரை தடையின்றி இறங்கியது. அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைத் தந்தார்.