ஜூராங்கில் பார்த்த மின்னல்

புரட்டாசியில எங்க ஊர்ல இருந்து பதினெட்டு பேரு சிங்கப்பூர் போயிட்டு வந்தோம். கோயிலு, கடைத்தெரு எல்லாம் போனவங்க எல்லாரும் எழுதுறதுதான். நான் சொல்ல வந்தது ஜூராங்ல இருக்கிற அறிவியல் மையத்தைப் பத்தி. 1977ல திறந்தது. "பள்ளிக்கூடப் பிள்ளைய போற இடத்துல நமக்கென்ன சோலி?"ன்னு பாதிப் பேரு முனங்கிட்டேதான் வந்தாங்க.

உள்ள டெஸ்லா காயில்னு ஒண்ணு. 1891ல டெஸ்லாங்கிறவர் கண்டுபிடிச்சது. விசையைப் போட்டதும் அதோட உச்சியில இருந்து நீலநீலமா மின்னல் பாயுது, சடசடன்னு சத்தம். எங்க சித்தி ஒருத்தி காதைப் பொத்திக்கிட்டு "அர்ச்சுனா, அர்ச்சுனா"ன்னுட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

1994 ஐப்பசியில என் தம்பி மின்னல்லதான் போனான். மழை இறங்கவும், "நீ போயி புளியமரத்தடியில நில்லுல, நான் மடைய அடைச்சிட்டு வாரேன்"னு அனுப்பினது நான். வெட்டவெளியில மண்வெட்டியோட நின்ன எனக்கு ஒண்ணும் ஆகல. விதின்னு ஊரு சொல்லிச்சு, நானும் அப்படியே வச்சுக்கிட்டேன்.

அங்க தமிழ் பேசுற ஊழியர் ஒருத்தர் இருந்தார். மரத்தடியில நின்னா என்னன்னு கேட்டேன். உசரமா நிக்கிறதுல மின்னல் விழ வாய்ப்பு ஜாஸ்தியாம். மரத்தைவிட மனுச உடம்புல மின்சாரம் லேசா ஓடுமாம், அதனால அடிமரத்துல இருந்து பக்கத்துல நிக்கிறவன் மேல தாவிருமாம். வெட்டவெளியும் ஆபத்துதானாம். நல்ல கட்டடம், இல்லன்னா மேல்கூரை உள்ள காரு, பஸ்ஸு, அதுதான் பத்திரம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல முப்பது எண்ணுறதுக்குள்ள சத்தம் கேட்டா உள்ள போயிரணும், கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் வெளிய வரக்கூடாதுன்னார். தம்பி கதைய அவர்கிட்ட சொல்லல.

பஸ்ல "அந்த ஆளுட்ட அவ்வளவு நேரம் என்ன மச்சான் பேசினீரு?"ன்னு தங்கச்சி மாப்பிள்ளை கேட்டார். "சும்மா"ன்னேன்.

போன வாரம் பிசான நடவு. மதியம் வானம் கருத்து ஒரு வெட்டு வெட்டிச்சு. நட்டுக்கிட்டிருந்த ஆறு பொம்பளையாளுகளையும் மோட்டார் ரூமுக்குள்ள ஏத்தினேன். மெயினை ஏற்கெனவே அமத்தியாச்சு. ஆனாலும் சுவிட்சுப் பெட்டிப் பக்கம் யாரும் சாயக்கூடாதுன்னு சொல்லிட்டேன்.

"தூத்தல்தான அண்ணாச்சி, இதுக்கா கரையேத்துதிய?"ன்னு ஒருத்தி சடைச்சா.

அடுத்த வெட்டு வெட்டிச்சு.

"எண்ணு தாயி"ன்னேன்.

பதினாலுல கேட்டுச்சு.