தகரக் கூரை

ஹைதராபாத் வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. எங்கள் கிளையில் ஒரு அரசு தொடக்கப்பள்ளியின் கணக்கு இருக்கு. போன மார்ச்சில் அதன் தலைமையாசிரியர் பாஸ்புக்கோடு வந்தார். சமக்ர சிக்ஷா திட்டத்தில் விளையாட்டு மானியம் 5,000 ரூபாய். ஒரு வருஷத்துக்கு! பி.காம் புத்தி சும்மா இருக்குமா? 200 வேலைநாளால் வகுத்துப் பார்த்தேன். நாளைக்கு 25 ரூபாய், மொத்தப் பள்ளிக்கும். (ரெண்டு டீ குடிக்கலாம்.)

"பந்து, கயிறு எல்லாம் இருக்கு சார். மார்ச்ல வெயில், ஜூலைல மழை. பி.டி. பீரியடில் கிளாஸிலேயே உட்கார வைக்கிறேன். முற்றத்துக்கு மேல ஒரு கூரை போட பேங்க் உதவுமா?" என்றார். மேலிடத்துக்கு எழுதினேன். மூணு மாசம் கழித்து ஒரே வரியில் பதில்: இந்த ஆண்டு ஒதுக்கீடு முடிந்துவிட்டது.

இதே ஊர் கச்சிபவுலியில்தான் கோபிசந்த் அகாடமி. 2003-ல் அரசு நிலம் கொடுத்தது. கட்டடத்துக்காக மனிதர் சொந்த வீட்டையே அடமானம் வைத்தார். (வங்கிக்காரனுக்கு இதைக் கேட்டாலே வயிறு கலங்கும்.) 2008-ல் திறந்தது. அங்கே பயிற்சி எடுத்துத்தான் சாய்னா 2012-ல் வெண்கலமும் சிந்து 2016-ல் வெள்ளியும் ஜெயித்தார்கள். என் பெண் படிக்கும் தனியார் பள்ளியிலும் இன்டோர் கோர்ட் உண்டு. அரசுப் பள்ளிகளுக்கு 2022-ல் 'மன ஊரு மன படி' என்று 12 வகை வேலைகள் அறிவித்தார்கள். கழிப்பறை, குடிநீர், மின்சாரம், சுற்றுச்சுவர்... விளையாட்டுக்கூடம் அதில் இல்லை. கழிப்பறைதான் முதலில் வரணும், அதில் எனக்குத் தகராறு இல்லை.

ஜப்பானில் அரசு தொடக்கப்பள்ளி என்றாலே கூடவே ஒரு உள்ளரங்கம் இருக்கும். பூகம்பம் வந்தால் ஊர்சனம் தங்குவதும் அங்கேதான். நமக்கு அவ்வளவு எதற்கு? தஞ்சாவூர்ப் பக்கம் நான் படித்த பஞ்சாயத்துப் பள்ளியில் ஒரு புங்கமரம் நின்றது. கபடி, பாண்டி, சண்டை எல்லாம் அதன் நிழலில்தான். இங்கே மரம் வைக்கவும் மண் இல்லை, எல்லாம் சிமெண்ட் தரை.

ஜூலை ரெண்டாவது சனிக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். முற்றம் 50 அடிக்கு 26. பேட்மிண்டன் கோர்ட் 44-க்கு 20. சுற்றி மூணடி மிச்சம்! எங்கள் அபார்ட்மெண்டுக்கு கேட் செய்துகொடுத்த வெல்டிங் பாய், கூலி வேண்டாம், சாமான் காசு மட்டும் போதும் என்றார். நாலு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்திருக்கோம். தங்கமணி இந்த தீபாவளிக்குப் புடவை வேண்டாம் என்றிருக்கிறாள். (எழுதி வாங்கவில்லை.) இன்னும் பாதிப் பணம் சேரணும்.

டேப்பைச் சுருட்டும்போது தூறல் ஆரம்பித்தது. நனைந்துகொண்டே ஒரு பொடியன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "சார், ரேகுலு எப்புடொஸ்தாயி?" தகரம் எப்போ வருமாம்.

"தசராவுக்குள்ள" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.