எலெக்ட்ரிக் டிரெயினும் என் முதல் சம்பளமும்

சென்னைக்காரர்களிடம் ஒரு விநோதப் பழக்கம் உண்டு. வைகை எக்ஸ்பிரஸும் கரென்ட்டில்தான் ஓடுகிறது. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் கரென்ட்டில்தான் ஓடுகிறது. ஆனால், 'எலெக்ட்ரிக் டிரெயின்' என்று சொன்னால் அது நம்ம பீச் - தாம்பரம் லைன் வண்டிதான். மற்றதெல்லாம் ஏதோ கரியில் ஓடுகிற மாதிரி!

பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. பம்பாயில் 1925-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. சென்னைக்கு வந்தது 1931-ல். ஆனால், மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் என்று பார்த்தால் இந்தியாவிலேயே நாம்தான் முதல். காலரைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

அந்தப் பாதையில் கோடம்பாக்கத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது என் ஸ்டேஷன், மாம்பலம். 'என்' என்று உரிமையோடு சொல்கிறேன். மேற்கு மாம்பலத்தில் பிறந்து, வளர்ந்து, இன்னமும் அங்கேயே வாடகை கொடுத்துக்கொண்டிருப்பவன். இதுவரை நாலு வீடு மாறியாகிவிட்டது. ஸ்டேஷன் மட்டும் மாறவில்லை.

இந்த ஸ்டேஷனுக்கு இரண்டு முகம். கிழக்கே இறங்கினால் ரங்கநாதன் தெரு. ஜவுளி, பாத்திரம், வளையல், வாட்ச்... அப்புறம் உங்கள் பர்ஸ், ஜாக்கிரதை. மேற்கே இறங்கினால் மெஸ், காய்கறிக் கடை, ஜோசியர், டியூஷன் வாத்தியார். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் சம்பளம் வாங்குகிறவர்கள். அந்தப் பக்கம் அதைச் செலவு பண்ண வைக்கிறவர்கள்!

தி.நகர் என்பதே 1920-களில் ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து உருவான ஊர். சர் பிட்டி தியாகராயர் பெயரை வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. ரோடு இருக்கிறது, வியூ இருக்கிறது, லேக்கைத்தான் காணோம். நல்ல மழை பெய்தால் மட்டும், ஏரி தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வரும்.

என் அப்பா பாரிமுனையில் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா. முப்பது வருஷத்துக்கு மேல் மாம்பலத்தில் ஏறி, பீச்சில் இறங்கியவர். அவர் சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். ஒரு பக்கம் சீசன் டிக்கெட், மறு பக்கம் வடபழனி முருகன். குடும்பத்தைக் கரைசேர்ப்பது இரண்டில் எது என்பதில் அப்பாவுக்கே கொஞ்சம் சந்தேகம் உண்டு.

2012. நான் பி.காம். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். அப்பா ரிட்டையராகி இரண்டு வருஷம். அக்கா கல்யாணக் கடன் பாக்கி. அந்தச் சமயம் பார்த்து இரண்டு வேலை ஒன்றாக வந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனி, சம்பளம் 8,000. எழும்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ், சம்பளம் 6,000.

"இதுல யோசிக்க என்னடா இருக்கு?" என்றார்கள் நண்பர்கள். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஸ்டேஷன் பக்கத்துல எது?"

காமர்ஸ் படித்தவனாயிற்றே, பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். 8,000 ரூபாய் வேலைக்கு இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. காலையில் ஏழு மணிக்கே கிளம்ப வேண்டும் என்பதால் டிபன் வெளியில். வீடு திரும்ப ராத்திரி ஒன்பதரை. எழும்பூர் வேலைக்கு ஒரு சீசன் டிக்கெட், கையில் அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சாதம். சாயங்காலம் இரண்டு பையன்களுக்கு அக்கவுன்டன்ஸி டியூஷன் எடுக்கவும் நேரம் கிடைக்கும். கூட்டிக் கழித்தால் 6,000-தான் பெரிய சம்பளம்!

எழும்பூருக்கே போனேன். அந்த மாச சீசன் டிக்கெட், நான் குடித்த டீ செலவைவிடக் குறைவு. கல்யாணக் கடன் மூன்று வருஷத்தில் அடைந்தது. அதில் டியூஷனுக்கும் தயிர்சாதத்துக்கும் பங்கு உண்டு. பெரிய பங்கு ரயிலுக்கு.

ஸ்டேஷனில் எத்தனையோ மாறிவிட்டது. 2004-ல் மீட்டர் கேஜ் மின்சார வண்டி விடைபெற்று, எல்லாமே அகலப் பாதை ஆனது. பெட்டி அகலமானதே தவிர, மூன்று பேர் சீட்டில், "சார், கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று நாலாவது ஆள் உட்காருவது மாறவில்லை. 2023-ல் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சுமார் 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். லிஃப்ட், எஸ்கலேட்டர் எல்லாம் உண்டு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மேலேயிருந்து கூட்டத்தைப் பார்த்தவர், "முதல் தடவையா யார்கிட்டயும் இடி வாங்காம தி.நகர் போறேன்டா" என்றார்.

2025 ஏப்ரலில் இந்த லைனில் முதல் ஏ.சி. மின்சார ரயிலும் வந்துவிட்டது. கத்திரி வெயிலில் அதில் ஏறியிருக்கிறேன். சொர்க்கம்! ஆனால், சொர்க்கத்துக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதா வண்டியில் அதுவே 5 ரூபாய்.

மறுபடியும் பேப்பரை எடுத்தேன். மாம்பலம் - எழும்பூர், போக வர, மாசம் 25 நாள். தினமும் டிக்கெட் வாங்கினால் சாதா வண்டியில் 250 ரூபாய், ஏ.சி. வண்டியில் 1,750. என் முதல் சம்பளத்தில் அது கால்வாசிக்கும் மேல்!

ஏ.சி. வண்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிந்தவர்கள் குளுகுளுவென்று போகட்டும். ஒரு ஏ.சி. வண்டி கூடும்போது, அதற்காக ஒரு சாதா வண்டி குறையக் கூடாது. அவ்வளவுதான். ஏனென்றால், கூடுவாஞ்சேரியிலிருந்தும் மறைமலை நகரிலிருந்தும் தினமும் ஒரு பையன் ஏறுகிறான். கழுத்தில் புத்தம் புது அடையாள அட்டை, பையில் சோற்று டப்பா. அவன் வீட்டிலும் ஒரு அக்கா கல்யாணக் கடன் இருக்கலாம். எந்த வேலைக்குப் போவது என்று அவனும் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டிருப்பான்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்து மூன்று. ஸ்டேஷனில் புதுசாக என்ன வந்தாலும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஏ.சி. ரயிலைப் பற்றி அரைமணி நேரம் சொன்னேன். தானாகத் திறக்கும் கதவு, உள்ளே அறிவிப்பு, குளிர்ச்சி... பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, நம்ம வண்டிக்கு டிக்கெட் இன்னும் அஞ்சு ரூபாதானே?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"அப்ப சரி" என்று பேப்பர் படிக்கப் போய்விட்டார்.