விழும் கொம்பும் விழாத கொம்பும்

கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் ஒரே வளாகத்தில் மேய்கின்றன. இரண்டின் தலையில் இருப்பதையும் நாம் ‘கொம்பு’ என்றே சொல்கிறோம். ஆனால் அவை ஒரே பொருள் அல்ல.

வெளிமானின் முறுக்குக் கொம்புக்குள் எலும்பு, மேலே நம் நகம் போன்ற உறை. ஆயுளுக்கும் விழாது. புள்ளிமானின் கிளைக்கொம்போ முழுக்க எலும்பு. விழுந்து விழுந்து முளைக்கும். வளரும்போது அதன் மேல் மெல்லிய மயிரடர்ந்த தோல் போர்த்தியிருக்கும், உள்ளே ரத்தம் ஓடும். வளர்ச்சி முடிந்ததும் தோல் உரிந்து தொங்க, மான் அதை மரத்தில் தேய்த்துக் கழிக்கும். ஒரே கூட்டத்தில் ஓர் ஆணுக்குத் தோல்மூடிய கொம்பும், இன்னொன்றுக்கு முற்றிய கொம்பும், மற்றொன்றுக்கு வெறுந்தலையும் இருக்கும். எத்தனை அழகான காட்சி!

பழந்தமிழில் மானையும் அதன் கொம்பையும் பற்றிப் பேச மருப்பு, கோடு, கவை, கலை, இரலை என்று எவ்வளவு சொற்கள்! கவை என்றால் கிளைத்துப் பிரிவது. விழும் கொம்பைக் ‘கவைக்கொம்பு’ என்று பாடப்புத்தகத்தில் எழுதினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். என் ஆசை அது.

காட்டில் விழுந்து கிடக்கும் கொம்பைப் பார்த்தால் தயவுசெய்து எடுக்காதீர்கள். முள்ளம்பன்றியும் எலிகளும் சுண்ணாம்புச் சத்துக்காக அதைக் கொறிக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தானாக விழுந்த கொம்பை எடுத்து வைத்துக்கொள்வதும் குற்றம்தான்.