அளந்த அரிசியில் ஒரு பிடி

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அரிசிப் பானையை ஒட்டி இன்னொரு சின்னப் பாத்திரமும் இருக்கும். பழைய பால்மாவு டின்னாக இருக்கலாம், மூடி தொலைந்துபோன தூக்குச்சட்டியாக இருக்கலாம். உலை வைக்கப் போகிறவள் உழக்கால் அரிசியை அளந்து சுளகில் கொட்டுவாள். கல் பொறுக்கி, களையப் போகும் முன் ஒரு கை அள்ளி அந்த டின்னில் போடுவாள். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்பார்கள், சுருக்கமாகப் பிடியரிசி. ஞாயிற்றுக்கிழமை டின் கோயிலுக்குப் போகும். அங்கே எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் விழும்: புழுங்கலும் பச்சையும், பொன்னியும் ரேஷனும், பழசும் புதுசும். ஒரே கொதியில் வேகாத அரிசிகள் இவை. சோறாக்கினால் ஒரு பாதி குழைந்துவிடும், மறுபாதி விறைத்து நிற்கும். இட்லிக்கு ஊறப்போடத்தான் ஆகும். ஏலத்தில் எடுப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது, விலையும் அதற்குத் தகுந்தபடிதான் போகும். கிறிஸ்தவத் தாயின் அன்றாட விசுவாசம் வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று என்னைக் கேட்டால், சுவரில் மாட்டிய வாக்குத்தத்த வசன அட்டையைவிட இந்த டின்னைத்தான் முதலில் காட்டுவேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் வேறு. அதிகாலையில் எழுந்து தனி ஜெபம், இரவில் குடும்ப ஜெபம், பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம், வெள்ளிக்கிழமை உபவாசம். இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பதிலுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: வேலை முடிந்து மிஞ்சிய நேரம்தான் கடவுளுக்கு. அந்தக் கணக்குப்படி அடுப்பும் துவைகல்லும் கைக்குழந்தையும் பக்திக்கு இடைஞ்சல்கள். மிஞ்சும் நேரம் என்று ஒன்று இல்லாத தாய், நாள் முழுக்க உழைத்துவிட்டு, ஜெபிக்கவில்லையே என்ற குற்ற உணர்வோடு படுக்கப் போகிறாள். கூட்டங்களில் பேச வருகிறவர்கள் அவளை அதிகாலை நான்கு மணிக்கு எழச் சொல்கிறார்கள். அவள் ஏற்கெனவே நாலரைக்கு எழுந்துகொண்டுதான் இருக்கிறாள். பிடியரிசிக்கு இந்தத் தொல்லை கிடையாது. வேலை தொடங்கும் இடத்திலேயே, வேலை செய்யும் அதே கையால், வேலையின் பொருளை எடுத்தே அது நடந்துவிடுகிறது.

இது ஏதோ ஏழை நாட்டுச் சபைகள் காசில்லாத குறைக்குக் கண்டுபிடித்த உபாயம் என்று நினைப்பவர்கள் லேவியராகமம் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கலாம். போஜனபலியின் முறை அங்கே இருக்கிறது. மெல்லிய மாவில் எண்ணெய் வார்த்துத் தூபவர்க்கம் வைத்துக் கொண்டுவருகிறார்கள்; ஆசாரியன் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தூபவர்க்கத்தோடு பலிபீடத்தில் தகனிக்கிறான். படியோ தராசோ கிடையாது, கைதான் அளவு. எண்ணாகமம் பதினைந்தில் காட்சி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது: பிசைந்த மாவின் முதற்பகுதியைக் கர்த்தருக்கென்று எடுத்துவைக்க வேண்டும். யூத வீடுகளில் ரொட்டிக்கு மாவு பிசைந்ததும் ஒரு துண்டைக் கிள்ளித் தனியே எடுக்கும் வழக்கம் இன்றைக்கும் உண்டு, கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தபின் ஆசாரியனிடம் கொடுக்க வழியில்லாமல் அந்தத் துண்டை எரித்துவிடுகிறார்கள். ஆலயத்தில் ஆசாரியனின் கை செய்த காரியத்தை நம் அடுக்களையில் ஒரு பெண்ணின் கை செய்கிறது. தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947இல்; அதில் ஒரு பெண் பேராயராவதற்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியிலும் அதற்கு முந்தின தலைமுறைகளிலும் பெயரோ அங்கியோ இல்லாமல் ஒரு ஆசாரியத்துவம் அடுப்பங்கரையில் நடந்துகொண்டுதான் இருந்தது. எந்த சினாடும் அதற்குத் தீர்மானம் போடவில்லை.

கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய வழக்கமாகவும் இதைச் சொல்லிவிட முடியாது. காஞ்சி மகாபெரியவர் இந்து வீடுகளில் பிடி அரிசித் திட்டத்தை வற்புறுத்தினார். கேரளத்தில் 19ஆம் நூற்றாண்டில் குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா என்ற கத்தோலிக்கக் குரு வீடு வீடாகப் பிடியரி சேர்க்கச் செய்து, பள்ளிக்கூடத்துக்கு வரும் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டார். குடும்பத்தை எப்படி நடத்த வேண்டும் என்று தம் கைனகரி ஊர் மக்களுக்கு 1868இல் ஒரு நீண்ட கடிதம் எழுதியவரும் அவரே. மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபையில் 1910இல் தொடங்கிய ‘பூஃபாய் தாம்’ இன்றும் ஓயவில்லை. ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் முன் ஒரு பிடி எடுத்துவைக்கிறார்கள், பெண்கள் வீடு வீடாகப் போய் வாங்கி வருகிறார்கள், விற்ற பணம் ஊழியத்துக்குப் போகிறது. ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் இந்த வகையில் சேர்கிறது. நம்ப முடியாதவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண்ணின் பிடியில் 40 கிராம் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு இரண்டு உலை என்றால் வருஷத்துக்கு 29 கிலோ. தமிழ்நாட்டில் ஒரு அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை ரேஷன் கிடைக்கிறது. அதில் ஒன்றரை மாத அரிசி, யாரும் கொடுத்ததாக உணராமலேயே வீட்டைவிட்டுப் போயிருக்கிறது.

இந்தக் காணிக்கையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது, இது யாருடைய காணிக்கை என்பதுதான். ஆராதனையில் பை சுற்றிவரும்போது அதில் விழும் நோட்டு பெரும்பாலும் கணவனின் சட்டைப்பையிலிருந்து வருகிறது. பக்கத்தில் இருக்கும் மனைவி அவரிடம் வாங்கித்தான் போடுகிறாள். பிள்ளைகளுக்குக் கொடுப்பதைப் போல அவள் கையிலும் ஒரு பத்து ரூபாய். தசமபாகம் எவ்வளவு என்று முடிவு செய்வதும் சம்பளம் வாங்குகிறவர். அரிசிப் பானை அப்படியில்லை. அதைத் திறக்க அவள் யாரையும் கேட்க வேண்டாம். இன்றைக்கு எத்தனை உழக்கு, வந்திருக்கும் விருந்தாளிக்கு எவ்வளவு கூட்ட வேண்டும், மாதக் கடைசியில் எப்படிக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் அதிகாரத்துக்கு உட்பட்டவை. தனக்கென்று வருமானம் இல்லாத பெண் தன் பெயரில் கொடுத்த முதல் காணிக்கை அநேகமாக இந்தப் பிடியரிசியாகத்தான் இருந்திருக்கும். அதற்குப் பின்னால் நடந்தது பற்றி எனக்கு வருத்தம் உண்டு. சேர்ந்த அரிசி ஏலம் போய்ப் பணமான நிமிஷமே அவள் அதிகாரம் முடிந்துவிடுகிறது. எதற்குச் செலவழிப்பது என்பதை ஆண்கள் நிறைந்த கமிட்டி பார்த்துக்கொள்கிறது. மிசோரத்தில் வீடு வீடாக அலைந்து அரிசி சேர்த்த பெண்களுக்கும் அங்கே போதகர் அபிஷேகம் நெடுங்காலம் மறுக்கப்பட்டே வந்தது.

கை பழகிவிட்டால் மனம் அதில் இருக்காதே, வெறும் பழக்கத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி சரிதான். உலை கொதிக்கும் அவசரத்தில், ஸ்கூல் வேன் ஹார்ன் அடிக்கும் நேரத்தில், டின்னில் விழும் பிடியோடு ஜெபம் எதுவும் போவதில்லை. நான் இதைக் குறையாக எண்ணவில்லை. பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல் இருக்கும்போதும், புருஷனோடு மனஸ்தாபம் இருக்கும்போதும், கடவுள் இருக்கிறாரா என்ற சந்தேகமே எட்டிப்பார்க்கும்போதும் உலை வைத்தாக வேண்டும். அந்த நாட்களில் மனம் ஜெபத்துக்கு வராது, கை டின்னுக்குப் போய்விடும். மனம் திரும்பி வரும்வரை கை காத்துக்கொண்டிருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். தாய்மொழியையும் இலக்கணம் உணர்ந்து யாரும் பேசுவதில்லை. பிள்ளைகள் இதைப் பார்த்துக் கற்பதும் அப்படித்தான். எதற்கம்மா இதில் போடுகிறாய் என்று ஒருநாள் ஒரு குழந்தை கேட்கும். ஞாயிறு பள்ளியில் பத்து வாரம் நடத்த வேண்டிய பாடம் அந்த ஒரு கேள்விக்கான பதிலில் முடிந்துவிடும்.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் இன்னொன்று. அடுக்களையைப் பலிபீடமாக்குவது, பெண்ணை அதிலேயே கட்டிப்போடும் தந்திரம் என்பது. ஆதாரமில்லாத குற்றச்சாட்டு அல்ல இது. இந்திய அரசின் 2019 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேர உழைப்புக்குப் புனிதச் சாயம் பூசிவிட்டால் அதைப் பகிர்ந்துகொள்ள யாருக்கும் மனம் வராது. பிரசங்க மேடையில் நீதிமொழிகள் முப்பத்தொன்றாம் அதிகாரம் படும் பாடு இதற்கு அத்தாட்சி. குணசாலியான ஸ்திரீ இருட்டோடே எழுந்திருப்பதை விஸ்தாரமாகச் சொல்லும் பிரசங்கியார், அவள் ஒரு வயலைப் பார்த்து, தீர விசாரித்து, வாங்குவதை ஒரே மூச்சில் தாண்டிவிடுவார். அந்த அதிகாரமே ஒரு தாய் தன் மகனுக்குச் சொன்ன புத்தி என்றுதான் தொடங்குகிறது. நாம் அதை மருமகள்களுக்கு வாசித்துக் காட்டுகிறோம். இயேசுவை வீட்டில் ஏற்று உபசரித்த மார்த்தாளின் கதையும் இப்படித்தான் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. லூக்கா பத்தில் இயேசு அவளிடம் கண்டது பலவற்றைப் பற்றிய கவலையும் கலக்கமும். சமைக்காதே என்று அவர் சொல்லவில்லை. யோவான் பதினொன்றில், சகோதரனைப் புதைத்த துக்கத்தோடு, அவரைக் கிறிஸ்து என்று வாய்விட்டு அறிக்கையிடுவதும் அவள்தான். பன்னிரண்டாம் அதிகாரத்தில் பெத்தானியாவில் விருந்து நடக்கும்போது, பார்த்தால், மறுபடியும் பரிமாறிக்கொண்டிருக்கிறாள். கலக்கம் போயிருக்கிறது, வேலை போகவில்லை. என் வாதத்தில் பெண்தான் உலை வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. யார் அரிசி அளக்கிறாரோ அவர் ஒரு பிடி எடுக்கட்டும். ரைஸ் குக்கரில் அரிசி போடும் கணவனின் கை பெரியது, சபைக்கும் லாபம்.

இப்போது பல சபைகளில் டின் மறைந்து மாதச் சந்தாக் கவர் வந்துவிட்டது. வாசலில் க்யூஆர் அட்டையும் தொங்குகிறது. கணக்குக்கு அது சுலபம், வண்டு விழாது, எலி கடிக்காது. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை, சம்பளம் வாங்குகிறவர் தம் போனிலிருந்து அனுப்பும் தொகையில் அடுக்களைக்குப் பங்கில்லை. வேலைக்குப் போகும் தாய்மார்கள் தங்கள் கணக்கிலிருந்தே அனுப்பலாமே என்றால், அனுப்பட்டும். டின்னையும் வைத்துக்கொள்ளட்டும்.

மற்ற எல்லா ஆட்சேபங்களுக்கும் பதில் சொல்லிவிட முடிகிறது. பசிக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். வீட்டில் அரிசியே தட்டுப்பாடாக இருக்கும்போது, பிள்ளையின் வயிற்றிலிருந்து எடுத்துக் கோயிலுக்குக் கொடுக்கச் சொல்வது என்ன நியாயம்? சாறிபாத் ஊர் விதவையின் கதையைப் பதிலாகச் சொல்வார்கள். பானையில் ஒரு பிடி மா, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டுத் தானும் மகனும் சாப்பிட்டுச் செத்துப்போகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம், முதலில் எனக்கு ஒரு சிறிய அடை சுட்டுக் கொண்டுவா என்று எலியா தீர்க்கதரிசி கேட்டார். மா குறையவில்லை என்று முடிவைத் தெரிந்துகொண்டு வாசிக்கும் நமக்கு அந்தக் கேள்வியின் கொடூரம் உறைப்பதில்லை. அவளுக்கு முடிவு தெரியாது. அந்த அற்புதத்தை எல்லா வீட்டுக்கும் உத்தரவாதமாகக் கொடுக்க எந்தப் போதகருக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே நான் வழக்கத்தின் சின்ன நுணுக்கம் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன். பிடியை எடுக்க வேண்டியது அன்றைய உலைக்கு அளந்து சுளகில் கொட்டிய அரிசியிலிருந்து. சேமித்து வைத்த பானையிலிருந்து எடுத்தால் அது மாதக் கடைசியில் எந்த நாளில், யார் தட்டில் இடிக்கும் என்று தெரியாது. அளந்த அரிசியில் எடுத்தால் அன்றைக்கே, அந்த வேளையிலேயே, எல்லார் தட்டிலும் ஒரு வாய் குறையும். குறைய வேண்டும். ஆனால் நம் வீடுகளில் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் வழக்கம்போலப் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருகிறவள் தாய். அந்த ஒரு வாய் முழுக்க அவள் தட்டில்தான் குறைகிறது. வீடே கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் காணிக்கையை அவள் ஒருத்தி பசியால் கட்டிக்கொண்டிருக்கிறாள். பிடியரிசி எடுக்கும் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். பானையை நடுவில் வைத்து, அவளுக்கும் தட்டுப் போட்டு, எல்லார் கண்ணுக்கு முன்னாலும் பரிமாற வேண்டும். அப்போது அடிச்சோறு எவ்வளவு இருக்கிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.